ஹாக்கின்டாஷுக்குப் பாகம் வாங்கப் போகிறீர்களா? ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கீழக்கரையில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் பையனும், ராமநாதபுரத்தில் ஐபோன் ஆப் எழுதப் பழகும் கல்லூரி மாணவியும் கேட்பது ஒரே கேள்விதான்: மேக் வாங்கப் பணம் போதவில்லை, வீட்டில் அசெம்பிள் செய்த சிஸ்டத்தில் மேக்கின் இயங்குதளமான மேக்ஓஎஸ் ஓடுமா?

ஓடும். அப்படி ஓடுகிற கம்ப்யூட்டருக்கு ஹாக்கின்டாஷ் என்று பெயர். ஆனால் ஓடுமா ஓடாதா என்பது பெரும்பாலும் பாகம் வாங்குகிற அன்றே முடிவாகிவிடுகிறது. தப்பான கிராபிக்ஸ் கார்டை வாங்கிவிட்டு, பிறகு எத்தனை ராத்திரி கண்விழித்து ஃபைலைத் திருத்தினாலும் திரை கறுப்பாகவே இருக்கும். அதனால் இந்தக் கட்டுரை வாங்குவதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. இன்ஸ்டால் செய்யும் முறை தனிக் கதை.

முதலில் சட்டம், அப்புறம் காலம்

மேக்ஓஎஸ்ஸின் உரிம ஒப்பந்தம் அதை ஆப்பிள் பெயர் தாங்கிய கம்ப்யூட்டரில் மட்டுமே நிறுவ அனுமதிக்கிறது. ஹாக்கின்டாஷ் அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கிறது. ஏதாவது நின்றுபோனால் ஆப்பிளிடம் போய்க் கேட்க முடியாது. சைஸ்டார் என்ற அமெரிக்க நிறுவனம் 2008-இல் இப்படி மேக்ஓஎஸ் போட்ட கம்ப்யூட்டர்களை விற்கத் தொடங்கியது. ஆப்பிள் வழக்குப் போட்டு 2009-இல் ஜெயித்தது. வீட்டில் கற்றுக்கொள்ள ஒன்று செய்து பார்ப்பதா வேண்டாமா என்பதை இதைத் தெரிந்துகொண்டு நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். செய்து விற்கும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

அடுத்தது காலம். ஆப்பிள் 2006-இல் இன்டெல் செயலிக்கு மாறியது, 2020 நவம்பரில் தன் சொந்த எம்1 சிப்போடு அதை விட்டு விலகத் தொடங்கியது. ஹாக்கின்டாஷ் என்பதே அந்த இன்டெல் காலம் கொடுத்த வாய்ப்புதான். 2025-இல் வந்த மேக்ஓஎஸ் 26 டஹோதான் இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு என்று ஆப்பிளே அறிவித்துவிட்டது. பாதுகாப்பு அப்டேட் மட்டும், வழக்கப்படி பார்த்தால், 2028 வாக்கு வரை வரலாம்.

ஆகவே என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: இதற்காகப் புத்தம்புதுப் பாகங்களில் பெரிய பணம் போடாதீர்கள். செகண்ட் ஹேண்டில் நல்ல பாகமாகத் தேடி வாங்குங்கள். மேக்ஓஎஸ் காலம் முடிந்த பிறகும் அதே சிஸ்டம் விண்டோஸுக்கோ லினக்ஸுக்கோ பல வருஷம் உழைக்கும். தொழிலே இதை நம்பித்தான், நாளைக்குக் கல்யாண ஆல்பம் கொடுத்தாக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள், பழைய எம்1 மேக் மினி ஒன்றைத் தேடுவதுதான் நிம்மதி. கற்றுக்கொள்ள ஆசையும் நேரமும் உள்ளவர்களுக்கு மேற்கொண்டு சொல்கிறேன்.

கடையில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி

விண்டோஸ் எந்தப் பாகத்தைச் செருகினாலும் அதற்கு ஒரு டிரைவரை, அதாவது அந்தப் பாகத்தை இயக்கும் மென்பொருளை, தேடிக்கொள்ளும், ஏனென்றால் பாகம் செய்கிறவர்கள் விண்டோஸுக்கு டிரைவர் எழுதியே விற்கிறார்கள். மேக்ஓஎஸ்ஸில் பெரும்பாலும் ஆப்பிள் தன் கம்ப்யூட்டர்களில் வைத்த சிப்புகளுக்குத்தான் டிரைவர் உள்ளே இருக்கும். ஓபன்கோர் என்ற பூட்லோடர் (சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) நம் சிஸ்டத்தை ஒரு மேக் என்று மேக்ஓஎஸ்ஸை நம்ப வைக்கும். கெக்ஸ்ட் எனப்படும் சின்னச் சின்ன நீட்சிகள் லேன், ஆடியோ போன்றவற்றில் இடைவெளியை நிரப்பும். ஆனால் இல்லாத கிராபிக்ஸ் டிரைவரை ஓபன்கோரால் உண்டாக்க முடியாது.

அதனால் ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுக்கும்போது மனசுக்குள் கேளுங்கள்: இந்தச் சிப்பை, அல்லது இதே குடும்பத்துச் சிப்பை, ஆப்பிள் எந்த மேக்கிலாவது வைத்ததா? கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் விடை இந்தக் கேள்வியிலிருந்துதான் வருகிறது.

செயலி

இன்டெல் மேக் வரிசையில் மேசைக் கம்ப்யூட்டராகக் கடைசியாகப் புதிதாக வந்தது 2020-இன் 27 அங்குல ஐமேக். அதில் இருந்தது இன்டெல் 10-ஆம் தலைமுறைச் செயலி. 2019 ஐமேக்கில் 8, 9-ஆம் தலைமுறை. 2018 மேக் மினியில் 8-ஆம் தலைமுறை. ஆகவே 8, 9, 10 என்ற மூன்றில் ஒன்றுக்குள் நில்லுங்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது ஐ5-10400. 6 கோர், 12 த்ரெட், 65 வாட். உள்ளேயே யுஹெச்டி 630 கிராபிக்ஸ் இருக்கிறது, அதற்கு மேக்ஓஎஸ்ஸில் டிரைவரும் இருக்கிறது. பணம் இன்னும் இறுக்கமென்றால் ஐ3-10100 போதும்.

பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். 10400எஃப், 9400எஃப் என்று வருபவை சற்று மலிவு, கடைக்காரரும் அதைத்தான் எடுத்து நீட்டுவார். அவற்றில் உள் கிராபிக்ஸ் கிடையாது. பிற்பாடு தனி கார்டு போடப் போகிறீர்கள் என்றாலும் உள் கிராபிக்ஸ் இருப்பது நல்லது: கார்டு பழுதானால் சிஸ்டம் நிற்காது, வீடியோ எடிட்டிங்கில் எச்.264, ஹெச்இவிசி ஃபைல்களைக் கையாளவும் அது கைகொடுக்கும்.

11-ஆம் தலைமுறை முதல் மேலே உள்ள இன்டெல் செயலி எந்த மேக்கிலும் வந்ததில்லை. செயலியை 10-ஆம் தலைமுறை போலக் காட்டி ஓட வைக்கலாம், ஆனால் உள் கிராபிக்ஸ் வேலை செய்யாது. தனி கார்டு கட்டாயம். ஏஎம்டி ரைசனும் அப்படித்தான். ஆப்பிள் எந்த மேக்கிலும் ஏஎம்டி செயலி வைத்ததே இல்லை. இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலுக்குத் திருத்தம் போட்டு ரைசனில் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு, வேகமும் நன்றாக இருக்கும். ஆனால் மேக்கின் மெய்நிகர் இயந்திர வசதி அதில் கிடைக்காது, சில மென்பொருள்கள் முரண்டு பிடிக்கும். வீட்டில் ஏற்கெனவே ரைசன் இருந்தால் முயலுங்கள். இதற்கென்றே புதிதாக வாங்காதீர்கள். பென்டியம், செலரான் வேண்டவே வேண்டாம்.

கிராபிக்ஸ் கார்டு: அதிகம் ஏமாறுகிற இடம்

முதல் ஆறு மாசத்துக்குக் கார்டே வாங்காமல் யுஹெச்டி 630-இலேயே ஓட்டிப் பாருங்கள் என்பேன். எக்ஸ்கோடில் (ஆப்பிளின் ஆப் எழுதும் மென்பொருள்) ஆப் எழுதிப் பழக அது போதும். 1080பி வீடியோவையும் சுமாராக வெட்டலாம். 4கே, கலர் கிரேடிங் என்று போகும்போது கார்டு தேவைப்படும்.

என்விடியா பக்கம் போகாதீர்கள். ஆர்டிஎக்ஸ் வரிசைக்கு மேக்ஓஎஸ்ஸில் டிரைவர் வந்ததே கிடையாது. ஜிடிஎக்ஸ் 1060 போன்ற பாஸ்கல் கார்டுகளுக்கு 2017-இல் வந்த ஹை சியரா பதிப்போடு கதை முடிந்தது. இன்னும் பழைய கெப்ளர் கார்டுகள் பிக் சர் பதிப்புவரை ஓடின, அடுத்த பதிப்பான மான்டெரேயில் ஆப்பிள் அந்த டிரைவரையும் எடுத்துவிட்டது.

ஏஎம்டி ரேடியானில்தான் வழி. அதிலும் எல்லாம் இல்லை. 2017 ஐமேக்கில் ரேடியான் புரோ 570, 575, 580 இருந்தன. 2019 மேக் புரோவில் 580எக்ஸ். அதனால் ஆர்எக்ஸ் 570, 580 இரண்டும் எந்தத் தகராறும் இல்லாமல் ஓடும். 2020 ஐமேக்கில் 5500 எக்ஸ்டி, 5700 குடும்பம் வந்தது, எனவே ஆர்எக்ஸ் 5500 எக்ஸ்டி, 5600 எக்ஸ்டி, 5700 சரி. 2022-இல் மேக் புரோவுக்கு டபிள்யூ6600எக்ஸ் வந்தது, ஆகவே ஆர்எக்ஸ் 6600 சரி. இந்தக் கடைசி இரண்டு குடும்பங்களுக்கும் ஓபன்கோரில் ஒரு பூட் ஆர்க்யூமென்ட் (தொடங்கும்போது படிக்கும் கட்டளை) சேர்க்க வேண்டும், இல்லையென்றால் கறுப்புத் திரைதான். அது ஒரு வரி வேலை.

இப்போது நடுவில் விட்டுப்போனதைக் கவனியுங்கள். ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி. 6600-உம் ஓடுகிறது, 6800-உம் ஓடுகிறது, நடுவில் இருக்கும் இது ஓடாதா என்று யாருக்கும் தோன்றும். அதன் உள்ளே இருக்கும் நவி 22 என்ற சிப்பை ஆப்பிள் எந்த மேக்கிலும் வைக்கவில்லை, டிரைவரும் இல்லை. 6400, 6500 எக்ஸ்டி, 7000 வரிசை முழுவதும், இன்டெல் ஆர்க் எல்லாம் இதே கணக்குத்தான். விலைப் பட்டியலை வைத்துக்கொண்டு ஊகிக்கக் கூடாது. சிப்பின் பெயரைப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்டில் அதிகம் புழங்குவது ஆர்எக்ஸ் 580. இதில் ஒரு வலை இருக்கிறது. அசல் 580-இல் 2304 ஷேடர்கள் (கார்டின் சிறு கணக்கு அலகுகள்). 580 2048எஸ்பி என்று இன்னொன்று உண்டு: பெட்டியில் 580 என்று பெரிதாகப் போட்டிருக்கும், உள்ளே இருப்பது 570 அளவுக்கான 2048 ஷேடர்கள். பலவற்றின் டிவைஸ் ஐடியும் (கார்டு தன்னை அடையாளம் காட்டும் எண்) வேறு. அசல் கார்டு 67டிஎஃப் என்று காட்டும், இது 6எஃப்டிஎஃப் என்று காட்டும். மேக்ஓஎஸ் டிரைவர் தேடுவது முதல் எண்ணைத்தான். இரண்டாவது எண் வந்தால் ஐடியை மாற்றிக் காட்டவோ கார்டின் பயாஸையே (அதனுள் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) மாற்றவோ வேண்டியிருக்கும். புதியவருக்கு அந்த வேலை வேண்டாம்.

சென்னை ரிச்சி தெருவிலோ மதுரையிலோ கடையில் நின்றபடியே இதைச் சரிபார்க்க முடியும். "அண்ணே, இது 2304-ஆ, 2048-ஆ?" என்று நேராகக் கேளுங்கள். "எல்லாம் ஒண்ணுதான் தம்பி, 8 ஜிபி இருக்குல்ல?" என்று பதில் வந்தால், கார்டை ஒரு சிஸ்டத்தில் போட்டு ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஷேடர் எண்ணிக்கையும் டிவைஸ் ஐடியும் அதில் தெரியும். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் ஹார்டுவேர் ஐடி பார்த்தாலும் போதும்: 1002 என்பது ஏஎம்டியின் எண், அதற்கடுத்து வருவது கார்டின் எண். காட்ட மறுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். கொரியரில் வரவழைப்பதென்றால், பணம் அனுப்புமுன் அந்தத் திரையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

கிரிப்டோ நாணய மைனிங்கில் ஓடிய கார்டுகளும் நிறைய வருகின்றன. ஓடியதே குற்றமில்லை. ஆனால் மெமரி வேகத்தைக் கூட்ட பயாஸை மாற்றியிருப்பார்கள். பழைய பயாஸைத் திரும்பப் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஃபேனை விரலால் சுற்றிப் பாருங்கள், கரகரவென்றால் பேரிங் போயிருக்கிறது.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடாவில் இருக்கும் காக்காமாரோ மச்சான்மாரோ கார்டு வாங்கிவருவது வழக்கம். நல்ல வழிதான். மாடல் பெயரை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள், சிப்பின் பெயரையும் எழுதி அனுப்புங்கள். அங்கே வாங்கியதன் வாரண்டி இங்கே செல்லுமா என்பதையும் வாங்கும் முன்பே விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

போர்டு, ரேம், எஸ்எஸ்டி

10-ஆம் தலைமுறைக்கு எச்410, பி460, எச்470, இசட்490 மதர்போர்டுகள். கிகாபைட், அசூஸ், எம்எஸ்ஐ மூன்றில் எதுவானாலும் சரி. கடையில் பயாஸுக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள்: செக்யூர் பூட்டை அணைக்க முடிகிறதா, சிஎஸ்எம் (பழைய முறையில் பூட் ஆகும் வசதி) அணைக்க முடிகிறதா, அபவ் 4ஜி டீகோடிங் என்ற வரி இருக்கிறதா. இவை இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. பெரிய நிறுவனங்கள் ஆபீஸ்களுக்கு விற்ற ரீஃபர்பிஷ்டு சிஸ்டங்கள் மலிவாகக் கிடைக்கும், டெல் ஆப்டிபிளெக்ஸ் 7070 போன்றவை. ஹாக்கின்டாஷுக்கு அவை நன்றாகவே ஒத்துழைக்கும். குறை என்னவென்றால் அவற்றின் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) அந்த நிறுவனத்துக்கே உரிய அளவில் இருக்கும், பயாஸில் சில வரிகள் மறைந்திருக்கும். பிற்பாடு பெரிய கார்டு போட இடமும் இருக்காது, மின்சாரமும் போதாது.

ரேம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டிடிஆர்4, 8 ஜிபி குச்சி இரண்டு. மேக்ஓஎஸ் ரேமின் பிராண்டைப் பார்ப்பதில்லை.

எஸ்எஸ்டியில் கவனம் வேண்டும். லேப்டாப்பிலிருந்து கழற்றிய சாம்சங் பிஎம்981 செகண்ட் ஹேண்டில் அடிக்கடி தென்படும். வேகமான, நல்ல டிஸ்க். ஆனால் மேக்ஓஎஸ்ஸில் கெர்னல் பேனிக் ஆகி சிஸ்டம் திடீரென்று ரீஸ்டார்ட் ஆவதற்குப் பேர்போனது. வேறு சில சாம்சங் என்விஎம்இ டிஸ்க்குகளில் மான்டெரேக்குப் பிறகு பூட் ஆக நிமிஷக்கணக்கில் ஆகிறது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்என்550, எஸ்என்570, எஸ்என்750 தொல்லை தராதவை. எதிலும் சந்தேகமென்றால் சாதாரண சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள். விண்டோஸுக்குத் தனி டிஸ்க், மேக்ஓஎஸ்ஸுக்குத் தனி டிஸ்க் என்று வைப்பது புதியவருக்கு நல்லது. ஒன்று கெட்டாலும் மற்றது நிற்கும்.

மானிட்டர் பழசு, விஜிஏ மட்டும்தான் இருக்கிறது என்றால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளேபோர்ட் உள்ள மானிட்டர் வேண்டும்.

இன்டர்நெட்: நம் பக்கத்தின் தனிப் பிரச்சினை

மேக் கையில் இல்லாதவர்கள் மேக்ஓஎஸ்ஸை இறக்கும் சுலபமான வழி ரிகவரி முறை. சின்ன ஃபைல் ஒன்றில் பூட் ஆகி, மீதி பத்துப் பன்னிரண்டு ஜிபியை ஆப்பிளின் சர்வரிலிருந்து நேரடியாக இறக்கும். அந்த நேரத்தில் வேலை செய்யும் லேன் போர்ட் இருந்தாக வேண்டும்.

நம் ஊர்களில் பல வீடுகளில் லேன் கிடையாது, போன் ஹாட்ஸ்பாட்தான். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பியில் செருகி டெதரிங் செய்தால் விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்கள் பயன்படுத்தும் முறைக்கு மேக்ஓஎஸ்ஸில் டிரைவர் இல்லை. ஐபோன் என்றால் எடுத்துக்கொள்ளும். ஐபோன் இல்லாதவர்களுக்கு மலிவான வழி ஒன்று: லேன் போர்ட் உள்ள வைஃபை ரிப்பீட்டர். அதைப் போனின் ஹாட்ஸ்பாட்டோடு இணைத்து, அதன் லேன் போர்ட்டிலிருந்து ஒரு கேபிளை சிஸ்டத்தில் செருகுங்கள். மேக்ஓஎஸ்ஸின் கண்ணுக்கு அது கம்பி இணைப்புதான்.

லேன் சிப்பில் இன்டெல் ஐ219-வி, ரியல்டெக் ஆர்டிஎல்8111 இரண்டும் நிம்மதி. கெக்ஸ்ட் ஒன்று போட்டால் வேலை முடிந்தது. 2.5 ஜி போர்ட் உள்ளதில் ரியல்டெக் 8125-க்கும் கெக்ஸ்ட் உண்டு. இன்டெல் ஐ225-வி படுத்தும். செகண்ட் ஹேண்ட் போர்டு வாங்கும்போது கேபிளைச் செருகிப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் அடிக்கும்போது வெளியிலிருந்து வரும் கேபிள் வழியாக முதலில் போவது லேன் போர்ட்தான். மற்றதெல்லாம் நன்றாக ஓடும், அது மட்டும் செத்துக் கிடக்கும். விற்கிறவருக்கே தெரியாமல் இருக்கலாம். உங்கள் வீட்டிலும் மழைக்காலத்தில் பவர் பிளக்கோடு லேன் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.

வைஃபைக்கு முன்பெல்லாம் எல்லோரும் பிராட்காம் 94360 கார்டு வாங்கச் சொல்வார்கள், மேக்கிலேயே இருந்த சிப் அது. 2023-இல் வந்த சொனோமாவில் ஆப்பிள் அதற்கான டிரைவரை எடுத்துவிட்டது. இப்போது அதை ஓட்ட சிஸ்டம் பாதுகாப்பைத் தளர்த்தி ஒட்டுப்போட வேண்டும். பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டு அதற்குப் பணம் கொடுக்காதீர்கள். இன்டெல் வைஃபை கார்டுக்கு இட்எல்டபிள்யூஎம் என்ற கெக்ஸ்ட் இருக்கிறது. ஏர்டிராப் கிடைக்காது, இணையம் கிடைக்கும்.

ஆடியோவுக்கு ரியல்டெக் ஏஎல்சி சிப் என்றால் ஆப்பிள்ஏஎல்சி என்ற கெக்ஸ்ட் போதும். டஹோவில் பழைய ஆடியோ டிரைவரை ஆப்பிள் எடுத்துவிட்டதால் அங்கே யுஎஸ்பி சவுண்ட் அடாப்டர் ஒன்று வைத்துக்கொள்வது சுலபம். புதியவர்கள் சொனோமா அல்லது செக்கோயாவில் தொடங்குங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கரண்ட்

ஐ5-10400-உம் ஆர்எக்ஸ் 580-உம் சேர்ந்தால்: செயலி 65 வாட், கார்டு 185 வாட். 80 பிளஸ் பிரான்ஸ் தரத்தில் 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்று தாராளம். ஆர்எக்ஸ் 6600 இன்னும் சிக்கனம், 132 வாட். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸைக் கார்டு வைத்த சிஸ்டத்தில் போடாதீர்கள்.

வாட்டைவிட நமக்கு முக்கியமான ஓர் எண் எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரில் இருக்கிறது. இன்புட் என்ற இடத்தில் சிலவற்றில் 100-240 வோல்ட் என்றும் சிலவற்றில் 200-240 வோல்ட் என்றும் போட்டிருக்கும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி, லைனின் கடைசியில் இருக்கும் கடற்கரைத் தெருக்களில் சாயங்காலம் லோ வோல்டேஜ் ஆகும்போது இரண்டாவது வகை பட்டென்று அணைந்துவிடலாம். மேக்ஓஎஸ்ஸில் ஏதோ கோளாறு என்று நினைத்து நீங்கள் கெக்ஸ்ட்டைக் குடைந்துகொண்டிருப்பீர்கள். 100-240 என்று போட்டதையே வாங்குங்கள். யுபிஎஸ் வாங்கினால் சைன் வேவ் வகையாகப் பாருங்கள். இப்போது வரும் நல்ல எஸ்எம்பிஎஸ்கள் மலிவு யுபிஎஸ் கொடுக்கும் சதுர அலையோடு சரியாக ஒத்துப்போவதில்லை.

எர்த் இன்னொன்று. நம் மணல் தரை காய்ந்துவிட்டால் எர்த் குழி சரியாக வேலை செய்யாது. கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறதா? அப்படியானால் சிஸ்டத்தை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், எர்த் சரியாகும்வரை யுஎஸ்பியில் எதையும் செருகாதீர்கள்.

உப்புக் காற்று

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் ஒருபுறம் பாக் நீரிணை, மறுபுறம் மன்னார் வளைகுடா. கச்சான் அடித்தாலும் வாடை அடித்தாலும் உப்பு வரும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தைத் துருவிலிருந்து காக்க எவ்வளவு உழைப்பு தேவைப்பட்டது என்பது இங்கே வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். போர்டில் இருப்பதோ மயிரிழை அளவு செம்புக் கோடுகள்.

அதனால் இந்தக் கரையோரத்திலேயே ஓடிய செகண்ட் ஹேண்ட் போர்டு வாங்கினால் பூதக்கண்ணாடியும் டார்ச்சும் கையோடு கொண்டுபோங்கள். பார்க்க வேண்டிய இடங்கள்: பின்பக்க யுஎஸ்பி போர்ட்டுகளின் தகர உறை, ரேம் ஸ்லாட்டின் இரு முனைகள், சிமாஸ் பேட்டரி வைக்கும் வட்டம், கிராபிக்ஸ் ஸ்லாட்டின் உட்புற உலோக நாக்குகள். பச்சையாகக் களிம்பு பூத்திருந்தாலோ வெள்ளையாகப் பொரிந்திருந்தாலோ வேண்டாம். யுஎஸ்பி உறையில் லேசான துரு மட்டும் என்றால் பயமில்லை, ஒவ்வொரு போர்ட்டிலும் பென்டிரைவ் செருகிப் பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேக்ஓஎஸ் ஒரு கன்ட்ரோலருக்கு 15 யுஎஸ்பி போர்ட்டுகளை மட்டுமே ஏற்கும், அதனால் எந்தப் போர்ட் வேண்டும் என்று நீங்களே வரைபடம் போட வேண்டியிருக்கும். பாதி செத்த போர்ட்டுகளோடு அந்த வேலையில் இறங்கினால் தவறு மென்பொருளிலா இரும்பிலா என்று தெரியாமல் திண்டாடுவீர்கள்.

ரேமின் தங்க முனைகளைச் சுத்தமான ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுச் செருகுங்கள். சிஸ்டத்தைக் கடல் பார்த்த ஜன்னலுக்கு அடியில் வைக்காதீர்கள், தரையிலும் வைக்காதீர்கள். மழை மாதங்களில் வேலை இல்லாவிட்டாலும் தினமும் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள். உள்ளே இருக்கும் சூடு ஈரத்தை விரட்டும். கழற்றி வைத்த கார்டு, ரேம் எதுவானாலும் ஆன்டிஸ்டாட்டிக் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள்.

வாங்கும் வரிசையும் முதல் ஓட்டமும்

முதலில் எந்த மேக்ஓஎஸ் பதிப்பு என்று முடிவு செய்யுங்கள். அடுத்து செயலியும் போர்டும் ஒரே இடத்தில், முடிந்தால் ஏற்கெனவே ஒன்றாக ஓடிய ஜோடியாக. அப்புறம் எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி, ரேம். கிராபிக்ஸ் கார்டு கடைசியில், யுஹெச்டி 630-இல் எல்லாம் ஓடிய பிறகு.

பாகங்கள் வந்து சேர்ந்ததும் ஆசையில் நேராக மேக்ஓஎஸ்ஸுக்குத் தாவாதீர்கள். விண்டோஸ் போட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். சூடு எவ்வளவு ஏறுகிறது, சாயங்கால வோல்டேஜில் நிற்கிறதா, லேன் அறுபடாமல் வருகிறதா என்று பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் கிராபிக்ஸ், லேன், ஆடியோ, வைஃபை நான்கின் ஹார்டுவேர் ஐடியையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் கெக்ஸ்ட் வேண்டும் என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும். யுஎஸ்பிடூல்பாக்ஸ் என்ற மென்பொருள் விண்டோஸிலேயே ஓடும். யுஎஸ்பி வரைபடத்தையும் அப்போதே போட்டு முடித்துவிடலாம்.

அதன் பிறகு 16 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் ஓபன்கோர். மேக்ஓஎஸ் ஒழுங்காகப் பூட் ஆனதும் ஓபன்கோர் இருக்கும் ஈஎஃப்ஐ ஃபோல்டரை இன்னொரு பென்டிரைவில் நகலெடுத்து, சிலிக்கா ஜெல் போட்ட அதே டப்பாவில் வைத்துவிடுங்கள். எந்த அப்டேட்டையும் அந்த நகல் கையில் இருக்கும்போது மட்டும் அழுத்துங்கள்.